நோவில்லாமல் கெடும் சிறுநீரகம்
(உடுப்பிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிரஷருக்கு உப்பும் கவலையுமே காரணம் என்றிருக்கிறோம். நம்மைக் காக்கும் வெண்குருதிக் கலங்களுக்கும் அதில் பங்குண்டு. 2007இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வில், டி கலங்கள் இல்லாத எலிகளுக்குக் குருதி அமுக்கத்தை ஏற்றும் ஓமோனைக் கொடுத்தார்கள். அமுக்கம் குறைவாகவே ஏறியது. டி கலங்களைச் செலுத்திய பிறகு நன்றாக ஏறியது.

அமுக்கம் கூடும்போது இக்கலங்கள் சிறுநீரகத்தில் திரண்டு அழற்சியை உண்டாக்கும். அதனால் சிறுநீரகம் உப்பைத் தேக்கும். அமுக்கம் மேலும் கூடும். நோவு தெரியாது, சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே கருவாடு, ஊறுகாயைக் குறைப்போம். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் நிற்கட்டும். பிரஷரை அளந்து பார்ப்போம். கிளினிக் போனால் அன்றைய சம்பளம் போகும் என்று பயந்தே நம்மவர்கள் போகாமலிருக்கிறார்கள். அந்த நாளுக்கும் பேர் போடச் சொல்லி ஒன்றாய்க் கேட்போம்.