கையா? கடையா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! வண்டியை மெக்கானிக் கடையிலே விட்டுவிட்டு நிம்மதியாக வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! எப்படியோ பத்திரமாக இந்த மண்டபம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

வண்டியைப் பராமரிக்க நம்பத் தகுந்தது சொந்தக் கையா, மெக்கானிக் கடையா என்பது தலைப்பு. கைதான் என்று பேச வந்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லீங்க. திண்டுக்கல்லிலே தமிழ் வாத்தியாரம்மா. வல்லினம் மெல்லினம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஸ்பேனரைப் பத்தி என்ன தெரியும்னு எதிரணித் தலைவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சார். அந்தச் சிரிப்புக்குப் பதில் வச்சிருக்கிறேன். கடைசியிலே சொல்றேன்.

எனக்கு முன்னாலே பேசின நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “பல் வலிச்சா டாக்டர்கிட்டே போறோமே, நாமளே குறடை எடுத்துப் பிடுங்கிக்கிறோமா?” அரங்கமே கைதட்டிச்சு. நானும் தட்டினேன். ஆனா ஐயா, பல்லைப் பிடுங்குறது டாக்டர். தினமும் காலையிலே தேய்க்கிறது யாரு? டாக்டரா பிரஷ்ஷோட நம்ம வீட்டுக்கு வர்றார்? (பலத்த கைதட்டல்)

(நடுவர்: “அம்மா, அந்த வேலையையே சில பேரு செய்யிறதில்லையே!”)

அவங்கதான் ஐயா எதிரணியிலே உட்கார்ந்திருக்காங்க! (சிரிப்பு) எஞ்சினைப் பிரிச்சு மேய்னு நாங்க சொல்லவே இல்லை. நாங்க கேட்கிறது பல் தேய்க்கிற வேலை. டயருக்குக் காத்துப் பார்க்கிறது, ஆயில் அளவு பார்க்கிறது, செயின் தொங்குதா பார்க்கிறது, பிரேக் பிடிக்குதா பார்க்கிறது. பத்து நிமிஷம்.

ஆனா நாம எப்பப் பார்க்கிறோம்? வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜையன்னிக்கு. அன்னிக்கு வண்டிக்கு வர்ற யோகம் இருக்கே! ஷாம்பு போட்டுக் குளியல், மாலை, வாழைக்கன்று. சந்தனம் குங்குமம் எங்கே வைக்கிறோம்? ஹெட்லைட்டு மேலே. வண்டியிலேயே தேயாத இடம் அதுதான்! சக்கரத்துக்கு அடியிலே எலுமிச்சம்பழம் வைக்கக் குனியிறோமே, அப்படியே அந்த டயரை ஒரு பார்வை பார்க்கிறோமா? நல்ல வேளை, எலுமிச்சம்பழத்துக்குப் பேசத் தெரியாது. தெரிஞ்சா, “ஏம்ப்பா, என்னை நசுக்குற டயரு வழுக்கைத் தலையா இருக்கே”ன்னு கேட்டிருக்கும். (சிரிப்பு, கைதட்டல்)

கைவேலையிலே பேர் வாங்கினவர் நம்ம பக்கத்திலேயே இருந்தார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. 1893-இலே கலங்கல் கிராமத்திலே பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஆசை பிடிச்சுக்கிச்சு. கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலிலே சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, வண்டியை வாங்கிட்டார். வாங்கினவர் மாலை போட்டாரா? இல்லை. அக்கக்காகப் பிரிச்சார். பிரிச்சதைத் திரும்ப மாட்டினார். 1920-இலே பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பிச்சு, பிறகு பெரிய பஸ் கம்பெனியே நடத்தினாரே, அதுக்கு முந்தின பாடம் அந்த மோட்டார் சைக்கிள்தான்.

உடனே எதிரணி அம்மா சொல்றாங்க, “எங்க வீட்டுக்காரரும் பிரிச்சார், மாட்டி முடிச்ச பிறகு மூணு நட்டு மீதி இருந்துச்சு”ன்னு. இருக்கும் அம்மா. எல்லாரும் ஜி.டி. நாயுடு ஆக முடியாது. உங்க வீட்டுக்காரர் எஞ்சினிலே ஆரம்பிச்சிருக்கார். காத்துப் பார்க்கிறதிலே ஆரம்பிச்சிருந்தா மீதி வர்றதுக்கு ஒண்ணுமில்லை.

சரி ஐயா, இப்ப என் வீட்டுக் கதைக்கு வர்றேன். இதிலே சிரிக்க ஒண்ணுமில்லை.

2009-இலே என்கிட்டே ஒரு பழைய ஸ்கூட்டர். கியர் கிடையாது, ரெண்டு பிரேக்கும் கையிலே. சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். பில்லிலே “பிரேக் அட்ஜஸ்ட்”னு எழுதியிருந்தது. எழுதியிருந்தா செஞ்சிருப்பாங்கதானே? மூணு வாரம் போச்சு. பின் பிரேக் லீவர் நாளுக்கு நாள் உள்ளே உள்ளே வருது. முதல்லே பாதியிலே பிடிச்சது, கடைசியிலே கைப்பிடியைத் தொடற அளவுக்கு வந்துருச்சு. என் கைக்குத் தெரியுது ஐயா. விரலுக்குத் தெரியுது. ஆனா மனசு என்ன சொல்லுது? “இப்பத்தானே சர்வீஸ் விட்டோம், ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு காட்டிக்கலாம்.”

அந்த ஞாயித்துக்கிழமை வரலை. வியாழக்கிழமை காலையிலே பொண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டாம் வகுப்பு. பின்னாலே உட்கார்ந்து என் சேலையைப் பிடிச்சிருக்கா. ரயில்வே மேம்பாலத்து இறக்கம். முன்னாலே போன ஆட்டோ திடீர்னு நின்னுச்சு. பின் பிரேக்கைப் பிடிச்சேன், லீவர் கைப்பிடியிலே போய் ஒட்டிக்கிச்சு. வண்டி நிக்கலை. பயத்திலே முன் பிரேக்கை ஒரே அமுக்கு அமுக்கினேன். மணல் கிடந்த இடம். சறுக்கி விழுந்தோம்.

எனக்கு ஒண்ணுமில்லை. பொண்ணுக்கு முழங்காலிலே நாலு தையல். ஊசி போடும்போதுகூட அவ அழலை. “அம்மா, நீ பிரேக் பிடிக்கலையா?”ன்னு கேட்டா. என்ன பதில் சொல்வேன்?

வேறொரு பெரியவர்கிட்டே வண்டியை எடுத்துட்டுப் போனேன். சக்கரத்தைக் கழட்டி என்னையே குனிஞ்சு பார்க்கச் சொன்னார். டிரம்முக்குள்ளே பிறை மாதிரி ரெண்டு பிரேக் ஷூ. லீவரை இழுத்தா அது விரிஞ்சு டிரம்மிலே உரசும், வண்டி நிக்கும். உரச உரச மேலே இருக்கிற லைனிங் தேயும். தேயத் தேய லீவர் உள்ளே வரும். வெளியிலே கேபிள் நுனியிலே ஒரு நட்டு இருக்கு, அதைத் திருகினா லீவர் பழைய இடத்துக்கு வந்துரும். ஆனா லைனிங்கே தீர்ந்து போச்சுன்னா? நட்டைத் திருகிப் பிரயோஜனமில்லை, ஷூவைத்தான் மாத்தணும். என் வண்டியிலே அந்த நட்டு ஏற்கெனவே கடைசி மரை வரைக்கும் திருகியிருந்தது. அவர் சொன்னார், “அம்மா, இதை உங்களுக்கு யாரும் காட்டலை. நீங்களும் கேட்கலை.”

ஐயா, முதல் கடைக்காரரை நான் திட்டலை. அன்னிக்கு அவர்கிட்டே பன்னெண்டு வண்டி நின்னுச்சு. எனக்கு ஒரே வண்டி. ஒரே பொண்ணு. (கைதட்டல்) மூணு மாசத்துக்கு ஒருதரம் பார்க்கிறவருக்கு என் லீவர் எப்படி வந்துச்சுன்னு தெரியாது. தினம் பிடிக்கிற எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் அவர்தான் பார்க்கணும்னு விட்டேன் பாருங்க, அதைத்தான் நான் தப்புன்னு சொல்றேன்.

காலம் மாறிப்போச்சு, எல்லாம் கம்ப்யூட்டர்னு எதிரணி சொன்னாங்க. ஒத்துக்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியிலே எஞ்சின் விளக்கு எரிஞ்சா எங்க வீட்டு ஸ்பேனர் கும்பிடு போட்டுட்டு நின்னுரும். கருவி கடைக்காரர்கிட்டேதான் இருக்கு, போங்க, காசு குடுங்க. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரைக்கும் உள்ள புது வண்டிக்கெல்லாம் ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற அமைப்பாவது இருக்கணும்னு சட்டம். ரொம்ப நல்ல சட்டம். ஆனா சேர்ந்து பிடிக்கிற ரெண்டுமே தேஞ்சிருந்தா? சட்டம் வந்து நட்டைத் திருகுமா?

என் பொண்ணு இப்பக் கோயம்புத்தூரிலே வேலை பார்க்கிறா. சொந்த வண்டி. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா நான் “சாப்பிட்டியா”ன்னு கேட்பேன், அடுத்து “காத்துப் பார்த்தியா”ன்னு கேட்பேன். “பார்த்துட்டேன் டீச்சர்”னு கேலி பண்ணுவா. அந்த முழங்காலிலே தழும்பு இன்னும் இருக்கு.

முடிச்சுக்கிறேன் ஐயா. எதிரணித் தலைவர் சிரிப்புக்குப் பதில் சொல்றேன்னு சொன்னேன். மண்டபத்து வாசலிலே அவர் வண்டிக்குப் பக்கத்திலேதான் என் வண்டியை நிறுத்தினேன். போன வாரம்தான் சர்வீஸ் விட்டு எடுத்தேன்னு இந்த மேடையிலே பெருமையாச் சொன்னார். பின் டயரிலே பட்டன் சுத்தமா இல்லை ஐயா, உள்ளங்கை மாதிரி வழுவழுன்னு இருக்கு. டயர் ஓரத்திலே டி.டபிள்யூ.ஐ.னு எழுதியிருக்கிற இடத்துக்கு நேரே, பள்ளத்துக்குள்ளே ஒரு சின்ன மேடு இருக்கும். டயர் அந்த மேடு வரைக்கும் தேஞ்சா மாத்தணும்னு அர்த்தம். அவருக்கு அதையும் தாண்டியாச்சு. (சிரிப்பு, பலத்த கைதட்டல்) நீங்க தீர்ப்பை எந்தப் பக்கம் வேணும்னாலும் சொல்லுங்க ஐயா. வெளியிலே தூறல் போடுது, அவரை மட்டும் இன்னிக்கு ஆட்டோவிலே அனுப்பி வையுங்க.