துருப்பிடியாத கம்பியின் வன்மை

கொங்கிறீற்று அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவேதான் அதனுள் உருக்குக் கம்பிகளை வைத்துக் கட்டும் முறை உண்டாயிற்று. கொங்கிறீற்றின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய படலமொன்றைத் தோற்றுவித்து, அதனைத் துருவினின்றும் காக்கின்றது. கடலுப்பிலுள்ள குளோரைட்டு உள்ளே ஊறிச் சென்றாலோ, அந்தக் காப்புச் சிதைந்துவிடும். துருவானது தான் அரித்த உருக்கைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைக்கும். அந்நெருக்கத்தால் கொங்கிறீற்று உள்ளிருந்தே வெடிக்கும். கடற்றுறை மேடைகளும், பனி உருகுவதற்காக உப்புத் தூவப்படும் குளிர்நாட்டுப் பாலங்களும் பழுதடைவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

துருவே பிடியாத கம்பியை ஆக்க முடியாதா என்னும் கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று நார்க்கம்பி. எண்ணிறந்த நுண்ணிய கண்ணாடி நார்களை ஒரே திசையில் நிரைப்படுத்தி, பிசினில் தோய்த்து, சூடான அச்சினூடாக இழுத்து இறுகச் செய்வதால் இது கிடைக்கின்றது. கொங்கிறீற்று நன்கு பற்றிக்கொள்ளும் பொருட்டு, இதன் மேற்பரப்பில் மணல் ஒட்டப்படுவதுண்டு. இதன் நிறை உருக்கின் நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே.

இதன் வன்மை எவ்வளவு? வழக்கிலுள்ள உருக்குக் கம்பி, சதுர மில்லிமீற்றருக்கு 500 நியூற்றன் அளவில் நெகிழத் தொடங்கும். கண்ணாடி நார்க்கம்பியோ 600 முதல் 1000 நியூற்றன் வரை அறாது நிற்கும். இவ்வெண்களை மட்டும் நோக்கினால் நார்க்கம்பியே மேலானது என்று தோன்றும். ஆயினும் வன்மை என்பது ஓர் எண்ணில் அடங்குவதன்று.

முதலாவது, விறைப்பு. நார்க்கம்பியின் விறைப்பு உருக்கின் விறைப்பில் நாலிலொரு பங்களவே. ஆதலால் அதே சுமைக்கு வளை கூடுதலாகத் தொய்யும், வெடிப்புகளும் அகலும். எத்தனை கம்பிகள் வேண்டும் என்பதைப் பல இடங்களில் வன்மையன்று, தொய்வே தீர்மானிக்கின்றது.

இரண்டாவது, எச்சரிக்கை. உருக்கு அறுமுன் நீளும். வளை தொய்வதைக் கண்டு மக்கள் விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். நார்க்கம்பி அவ்வாறு நெகிழ்வதில்லை. இறுதிவரை தாங்கிப் பின் திடீரென அறும். இதனாலேயே, கம்பி அறுமுன் கொங்கிறீற்று நொறுங்கும்படி போதிய கம்பிகளை இட்டு, காப்பெல்லையையும் கூட்டி வைப்பதைப் பொறியியலாளர் விரும்புகின்றனர்.

மூன்றாவது, காலம். சிறுபொழுது தாங்கும் சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்க இக்கம்பியால் இயலாது. நீடித்த சுமையினால் கண்ணாடி நார்க்கம்பியில் எழும் தகைப்பு, அதன் வடிவமைப்பு வன்மையில் ஐந்திலொரு பங்கை மீறலாகாதென அமெரிக்கக் கொங்கிறீற்றுக் கழகத்தின் 2006 ஆம் ஆண்டு வழிகாட்டி வரையறுத்தது.

மற்றுமோர் ஐயமும் இருந்தது. உருக்கைக் காக்கும் அதே காரத்தன்மை கண்ணாடியை அரிக்கவல்லது. ஆய்வுகூடத்திலே சூடான காரக் கரைசலில் அமிழ்த்தப்பட்ட கம்பிகள் வன்மை குன்றின. நடைமுறையிலும் அவ்வாறே நிகழுமா என்றறிய, கனடாவிலே ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை பாவனையிலிருந்த ஐந்து கட்டமைப்புகளிலிருந்து மாதிரிகள் துளைத்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, நோவா ஸ்கோசியாவில், பெரும் வற்றுப்பெருக்கிற்குப் பேர்போன ஃபண்டி விரிகுடாவின் கரையில் 1999 ஆம் ஆண்டில் எழுந்த ஹோல்ஸ் ஹாபர் துறைமேடை. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது நார்களில் சிதைவு காணப்படவில்லை. இது நம்பிக்கை தரும் சான்றேயாயினும், நூறாண்டுக் கட்டடத்துக்கு எட்டாண்டுச் சான்று முற்றிலும் போதுமானதாகாது.

நெருப்பும் இதற்குப் பகை. உருக்கு இளகுதற்கு வெகுமுன்னரே பிசின் இளகிக் கொங்கிறீற்றின் பிடி தளரும். அன்றியும், இறுகிய கம்பியை வேலைத்தளத்தில் வளைக்க இயலாது. வளைவுகளை ஆலையிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே உருக்குக் கம்பியை நீக்கி, அதே பருமனுள்ள நார்க்கம்பியை அதனிடத்தில் வைத்துவிடுவது பெரும் பிழை. நார்க்கம்பிக்கென 2022 ஆம் ஆண்டில் அதே அமெரிக்கக் கழகம் தனிக் கட்டட விதிக்கோவை வெளியிட்டதும் இவ்வேறுபாடுகளை முன்னிட்டேயாகும். உப்பு மிகுந்து, நெருப்பின் அச்சம் குறைந்த பாலத் தளங்களும் கடற்சுவர்களும் இதற்கு ஏற்ற இடங்கள். அங்கும், எவ்வளவு சுமையில் அறும் என்பதோடு, எவ்வளவு தொய்யும், எவ்வளவு காலம் தாங்கும் என்பவற்றையும் கணித்த பின்னரே கம்பியைத் தெரிதல் வேண்டும்.