பையும் கையும்
(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வீடு வீடாகச் சென்று பணி செய்யும் செவிலியர் நான். வார்டில் கை கழுவக் குழாய் இருக்கும். தவறு செய்தால் அதட்ட ஒரு சிஸ்டர் இருப்பார். வீடுகளில் பல நேரம் குழாயும் இல்லை, அதட்ட ஆளும் இல்லை. நம் மனசாட்சிதான் மேற்பார்வையாளர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், படுக்கையில் கிடந்த பெரியவருக்குப் புண் கட்டு மாற்றினேன். பையை அவர் கட்டிலிலேயே வைத்திருந்தேன். அடுத்த வீட்டில் பிறந்து ஐந்தே நாளான குழந்தை. அவசரமாக உள்ளே போய், பையைப் பாயில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போனேன். பாட்டி விடவில்லை. "ஏம்மா நர்சம்மா, கை கழுவாம பச்சப்புள்ளயத் தொடலாமா? கொல்லையில தண்ணி இருக்கு, போ" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. கழுவிவிட்டு வந்தேன். ஆனால் பை? பெரியவரின் கட்டிலில் இருந்த அதே பை, குழந்தையின் பாயில்! பாட்டி கையைப் பார்த்தார். பையைப் பார்த்திருக்க வேண்டியவள் நான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் திறமையல்ல, அதிர்ஷ்டம்.

1847இல் வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ் கண்டதும் இதைத்தான். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவ வார்டுக்குப் போனார்கள். தாய்மார்கள் காய்ச்சலில் இறந்தார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் சாவு வெகுவாகக் குறைந்தது. நோயைச் சுமந்து போனது மருத்துவம் பார்த்த கைதான்.

மாணவப் பருவத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்து காட்டினோமே 'பேக் டெக்னிக்', அதை அன்றிலிருந்து விடவில்லை. நாம் கொண்டுபோன செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பை. சோப்பும் துண்டும் வெளி அறையில். கை கழுவிய பிறகே பையைத் திறப்பது. வேண்டியதை எடுத்து மூடிவிடுவது. வேலை முடிந்ததும் மறுபடி கை கழுவி, கருவிகளைத் துடைத்து வைத்து, தாளை அழுக்குப் பக்கம் உள்ளே போக மடிப்பது. சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி. கையில் அழுக்குத் தெரியாதபோது ஆல்கஹால் திரவம், 20 முதல் 30 விநாடி.

இன்னும் மூன்று. பச்சிளங்குழந்தை வீடு முதலில், சீழ்ப்புண் வீடு கடைசியில். சளியில் காசநோய்க் கிருமி உள்ளவர் வீட்டில் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்; அவருக்குச் சாதா முகக்கவசம், உங்களுக்கு என்-95. ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். குத்தினாலும் துளைக்காத டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த வீட்டுக் குப்பையில் போட்டால் நாளை குத்துவது துப்புரவுப் பணியாளரின் கையில்.

2021இல் தமிழகத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. தங்கைகளே, உங்களில் பலர் வீட்டு வாசல்களில்தான் பணி செய்யப் போகிறீர்கள்.

'கை கழுவிவிட்டான்' என்றால் கைவிட்டான் என்று ஊரில் பொருள். நம் தொழிலில் மட்டும், கை கழுவுகிறவர்தான் நோயாளியைக் கைவிடாதவர்.