அடிக்கு முன் ஒரு வினா
(காட்டுப்பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை வளர்ப்பைப் பற்றி உரைக்க வந்த நான் முதலில் என் குற்றத்தை உரைத்துவிடுதலே முறை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்கு முன், ஆசிரியப் பணியில் நான் கால்வைத்த தொடக்கத்தில், என் வகுப்பு மாணவனொருவன் நாள்தோறும் பிந்தி வந்தான். நாள்தோறும் அடித்தேன். அவன் அழவில்லை, அதனால் இன்னும் வலிந்து அடித்தேன். ஒருநாளேனும் 'ஏன் பிந்தினாய்?' என்று கேட்டேனில்லை. விடியுமுன் தந்தையோடு உப்பங்கழியில் வலையிழுத்து, மீனைக் கரைசேர்த்து, ஈரம் உலராத துணியோடு அவன் ஓடிவந்தான் என்பதை அவன் பள்ளியை விட்டு நின்ற பின்னரே அறிந்தேன். அவன் நின்றதற்கு வறுமை ஒன்றே கரணியம் என்று என்னை நான் ஏமாற்றிக்கொள்ள இயலவில்லை.

பள்ளியிற் பிள்ளையை உடலால் வருத்துதலும் உள்ளம் நோகச் செய்தலும் கூடாவென 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் விலக்கியுள்ளது. சுவீடன் நாடு 1979-இலேயே வீட்டிலும் அடித்தலைத் தடுத்துவிட்டது. 'பிள்ளை வளர்க்க மேலைநாட்டாரா நமக்குக் கற்பிப்பது?' என்று சினக்கும் அன்பர் நம்மிடையே உளர். கற்பிக்க வேண்டியதில்லைதான்! செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று, குழந்தை தலைநிமிர்தலையும் கைகொட்டுதலையும் தளர்நடையிட்டு வருதலையும் பருவம் பருவமாய் உற்றுநோக்கிப் பிள்ளைத்தமிழ் பாடிய மொழி நம் மொழி. புறநானூற்றிலே பாண்டியன் அறிவுடைநம்பி, உண்கலத்திற் கையிட்டு நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் குற்றவாளியாகக் காணவில்லை. தன் செல்வம் அனைத்தினும் மேலாகக் கண்டான். நம் வீட்டிலோ, சோறு சிந்தினால் முதுகில் அறை விழுகின்றது!

இவ்வூர் நிலைக்கு வருகின்றேன். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட இம்மணற்பரப்பில், முன்பெல்லாம் தந்தையின் தொழில் பிள்ளையின் கண்முன் நடந்தது. அருகில் நின்று பார்த்தே அவன் வலையும் நீரோட்டமும் அறிந்தான். 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், 2013-இல் துறைமுகமும் இங்குத் திறக்கப்பெற்றன. இன்று பலருக்கு வேலை மதிலுக்குள்ளே; அதுவும் முறைப்பணி. தந்தை இரவுப்பணி முடித்து வரும்போது பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகின்றான். அவன் திரும்பும்போது அவர் உறங்குகின்றார். 'ஒலியெழுப்பாதே, அப்பா தூங்குகிறார்' என்பதொன்றே தந்தையைக் குறித்து அவன் கேட்கும் சொல்.

ஆகவே, நான் உங்களிடம் வேண்டுவது கால்மணி நேரம். பணிக்குச் செல்லுமுன்னோ வந்தபின்னோ, கைப்பேசியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு அவனோடு அமருங்கள். மதிப்பெண்ணைக் கேளாதீர்கள். மதிலுக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள், எந்தக் கப்பல் வந்தது, எதைத் தூக்கி எங்கே வைத்தார்கள் என்று சொல்லுங்கள். முதற்கிழமை அவன் வாய்திறவான், பொறுத்திருங்கள். பிறகு பேசத் தொடங்கினால் இடைமறியாதீர்கள்.

தண்ணீரைக் கொட்டிவிட்டானா? துணியைக் கையிற் கொடுத்து, 'துடைப்போம் வா' என்னுங்கள். 'ஓடாதே' என்பதினும் 'மெல்ல நட' என்பது சிறுபிள்ளைக்கு எளிதில் விளங்கும். 'நல்ல பிள்ளை' என்று பொதுவாகப் புகழ்வதினும், 'தம்பிக்கு முதலிற் சோறு வைத்தாயே' என்று செயலைச் சுட்டிச் சொல்லுங்கள். சினம் மீறுமாயின் முற்றத்திற்குச் சென்று ஒரு குவளை தண்ணீர் பருகிவிட்டு வாருங்கள். அப்படியும் கைநீண்டுவிட்டால், 'நான் செய்தது தவறு' என்று பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். (தந்தைமார் சிலர் சிரிப்பது தெரிகின்றது. சிரியுங்கள், இன்றிரவு சொல்லியும் பாருங்கள்.)

அடியாமல் வளர்த்தல் என்பது தட்டிக்கேளாமல் வளர்த்தல் அன்று. உணவு வேளையிற் கைப்பேசி இல்லையென்றால் இல்லைதான், அழுதாலும் இல்லை. ஏன் இல்லை என்பதை அழுகை ஓய்ந்தபின் சொல்லுங்கள். இன்று மறுத்ததை நாளை அழுகைக்கு அஞ்சிக் கொடுத்தீர்களாயின், அவன் கற்றுக்கொள்வது அழுகையைத்தான்.

நான் அடித்த அம்மாணவர் இன்று சரக்குந்து ஓட்டுகின்றார். சென்ற ஆண்டு தம் மகளை என் பள்ளியிற் சேர்க்க வந்தபோது, "ஐயா, இவள் பிந்தி வந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்" என்றார். 'அடிக்காதீர்கள்' என்று சொல்லவில்லை. நான் தலைகுனிந்தவாறே அவள் பெயரை எழுதிக்கொண்டேன். இதுவரை இருமுறை பிந்தி வந்தாள். இருமுறையும் கரணியம் கேட்டேன். ஒருநாள் பேருந்து வரவில்லை. மற்றொருநாள் தம்பிக்குக் காய்ச்சல்.