கடைசி வண்டியின் கைப்பிடி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனையும் வள்ளுவரையும் பற்றிக் கற்றோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் எளியேனுக்கு அந்தத் தகுதி இல்லை. "உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்தச் சிறு வண்டியைப் பற்றியே பேசுங்கள்" என்று நம் செயலாளர் வற்புறுத்தியதால் வந்து நிற்கிறேன். வண்டியையும் கையோடு கொணர்ந்திருக்கிறேன்.

சிகாகோவில் வாழும் என் தங்கையின் கணவர் சென்ற விடுமுறையில் என் மகனுக்கு அளித்த பரிசு இது. அமெரிக்கச் சரக்கு ரயில்களின் வாலில் ஓடிய 'கபூஸ்' என்னும் வண்டியின் மாதிரி. உண்மை வண்டியில் 87 அங்குலம் உள்ளது இதில் ஓர் அங்குலம். நம் காலனியில் கார்டு வண்டியை அறியாத குழந்தை இல்லை. கபூஸ் அதற்கு அக்கரைச் சகோதரன். அதில் கண்டக்டரும் பிரேக்மேன்களும் இருந்தனர். அடுப்பு மூட்டிச் சமைத்தனர், படுத்தும் உறங்கினர். கூரைமேல் சிறு மாடம் ஒன்று உண்டு. அதில் அமர்ந்து, முன்னே செல்லும் வண்டிகளில் இருசு சூடேறிப் புகைகிறதா என்று கண்காணித்தனர். 1863-இல் ஒரு கண்டக்டர் கூரையில் இருந்த ஓட்டை வழியே தலையை நீட்டிப் பார்த்ததில் பிறந்தது இம்மாடம் என்று கதை சொல்வர். பிற்காலத்தில் சரக்கு வண்டிகளின் உயரம் கூடக்கூட, மாடத்திலிருந்து பார்வை எட்டவில்லை. ஆகவே சில கம்பெனிகள் மாடத்தை நீக்கி, பக்கவாட்டில் புடைத்த ஜன்னல் வைத்தன. பால்டிமோர் அண்டு ஒஹையோ ரயில்வே 1930-களிலேயே அம்முறைக்கு மாறியது. 1980-களில், கடைசி வண்டியில் மாட்டும் மின்னும் பெட்டியொன்று இத்தனை பேருடைய வேலையையும் எடுத்துக்கொண்டது. இப்போது கபூஸைப் பெரும்பாலும் காட்சிசாலைகளிலும் இத்தகைய மாதிரிகளிலும்தான் காணலாம்.

இனி, இம்மாதிரிகளைச் செய்வோரின் சங்கடத்தைச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தும் எஃகு அச்சு ஒன்றைச் செதுக்கப் பெரும்பொருள் செலவாகும். அச்செலவு மீள வேண்டுமானால் ஒரே அச்சில் வார்த்த உடலுக்குப் பல கம்பெனிகளின் வர்ணத்தைப் பூசி விற்க வேண்டும். டீசல் எஞ்சினுக்கு இது பொருந்தும். ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே எஞ்சினைப் பல ரயில்வேக்களுக்கு விற்றதன்றோ? கபூஸுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. பல ரயில்வேக்கள் கபூஸைத் தம் பட்டறையிலேயே, தம் மனப்போக்கின்படி கட்டிக்கொண்டன. இன்டர்நேஷனல் கார் கம்பெனி பலருக்குச் செய்து கொடுத்தது உண்டு. அவ்வகை மாதிரி நாலைந்து பெயர்களைத் தாங்கினாலும் பொய்யாகாது. மற்றவை அப்படியல்ல.

பென்சில்வேனியா ரயில்வே 1942-இல் கட்டிய 'என்-5-சி' வண்டிக்குக் கப்பலில் உள்ளதுபோல் வட்ட ஜன்னல். அதன் மாதிரியை லயனல் என்னும் புகழ்பெற்ற பொம்மைக் கம்பெனி 1950-களில் வெளியிட்டது. பிறகு அதே உடலுக்கு நீலம் பூசி 'விர்ஜினியன்' என்று எழுதியது. அந்த ரயில்வேயிடம் அத்தகைய வண்டி இருந்ததே இல்லை! 1957-இல் சிறுமியருக்கென்று இளஞ்சிவப்பு எஞ்சின் பூட்டிய ரயிலொன்றை விற்றபோது, அதே கபூஸுக்கு வான்நீலம் பூசியது. அதை மட்டும் நான் குறை கூறேன். இளஞ்சிவப்பு எஞ்சினைக் கண்டு எவரும் ஏமாறார்.

இதையெல்லாம் என்னை ஆராயத் தூண்டியது என் தந்தையாரின் ஒரு கேள்வி. அவர் சரக்கு ரயில் கார்டாக முப்பத்தோராண்டு ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். (2022 முதல் அப்பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர், வேலை அதேதான்.) பேரன் கொடுத்த வண்டியை அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாடத்தையோ வர்ணத்தையோ அவர் பாராட்டவில்லை. "ஏண்டா கண்ணா, இதில் ஏறுகிறவன் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவான்?" என்றார்.

பார்த்தேன். திண்ணை இருந்தது, படியும் இருந்தது. படியின் இருபுறமும் நிற்க வேண்டிய கைப்பிடிக் கம்பி இல்லை.

பிறகு அவரே சொன்னார். ஒரு மழைக்கால இரவு, வண்டி நகரத் தொடங்கியபின் ஏறியபோது, நனைந்த படியில் இரு கால்களும் வழுக்கிவிட்டனவாம். வலக்கை கம்பியை விடவில்லை. உள்ளங்கையில் இன்றும் இருக்கும் தழும்பு அதனால் வந்தது. விறகு வெட்டும்போது பட்ட காயம் என்றே நாங்கள் நாற்பதாண்டு வாழ்வில் நம்பியிருந்தோம். என் தாயார் மறையும்வரை அதை அறியவில்லை.

அமெரிக்காவில் இக்கைப்பிடி விருப்பத்தைப் பொறுத்த அலங்காரம் அன்று. 1893-ஆம் ஆண்டுச் சட்டம் அதை வற்புறுத்தியது. 1911-இல் அளவுகளையே விதித்தனர்: கனம் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையலாகாது. அதை 87-ஆல் வகுத்தால் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு மயிரிழையின் கனம் என்னலாம். அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் குழந்தையின் கை பட்டால் ஒடியும். ஆகையால் உற்பத்தியாளர்களில் சிலர் சுவரோடு ஒட்டிய வரப்பாக அதை வார்க்கின்றனர், சிலர் பருமனாக்குகின்றனர், விலை உயர்ந்ததில் உலோகக் கம்பியைத் தனியே பொருத்துகின்றனர், சிலர் விட்டேவிடுகின்றனர்.

கணக்கன் என்ற முறையில் என் அபிப்பிராயம் இது. பைசாவை ரூபாயாக்கி முழுமை செய்வதைத் தணிக்கையாளரும் பொறுப்பார். இனத்தையே பதியாமல் விடுவதைப் பொறுக்கமாட்டார். கம்பி பருத்திருக்கலாம். இம்மாதிரியின் சக்கரங்களும் உண்மை அளவைவிட மிக அகலமே. இல்லாவிடில் தண்டவாளத்தில் நில்லா. ஆனால் மனிதன் கைவைக்கும் இடத்தில் ஒன்றும் இல்லாமலிருப்பது பிழை.

மின்விசிறி பழுதுபார்க்கும் கடையில் 0.3 மில்லிமீட்டர் செப்புக் கம்பி ஒரு முழம் வாங்கினேன். ஊசியைச் சூடாக்கித் துளையிட்டு, நான்கு கைப்பிடிகளைப் பொருத்தினேன். முதல் இரண்டு கோணலாகிப் பிடுங்க நேர்ந்தது. கணக்குப்படி உண்மை வண்டியில் அது ஓர் அங்குலக் கம்பியாகும், அதிகம்தான். தந்தையார் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, "இடப்பக்கம் சற்றே உயரம்" என்றார். அதையும் தாழ்த்தினேன்.

வண்டியை வாயிலருகே உள்ள மேஜையில் வைக்கிறேன். குழந்தைகள் தாராளமாகப் பார்க்கலாம். கம்பியைப் பிடித்துத் தூக்காமலிருக்க வேண்டுகிறேன். தந்தையாரும் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். ஐயமிருந்தால் அவரையே கேட்கலாம்.