வெட்டிவேர் மணக்கும், கிருமி சாகாது

(ஒரகடம் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



இங்கே வந்து உட்கார்ந்ததும் ஒரு தாயார் மண்பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பானைக்குள் ஒரு பிடி வெட்டிவேர் கட்டிப் போட்டிருந்தார்கள். வெயிலில் வந்தவனுக்கு அது அமிர்தம்தான். "கொதிக்க வைத்த தண்ணீரா அம்மா?" என்று கேட்டேன். "வெட்டிவேர் போட்டிருக்கிறதே, அது போதாதா?" என்றார். நான் பேச வந்த விஷயத்தை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டிவேர், துளசி, சீரகம் போட்ட தண்ணீர் வாய்க்கு இதமாக இருக்கிறது. அதனால் இரண்டு குவளை கூடுதலாகக் குடிக்கிறோம். இது சின்ன விஷயமல்ல. டெல்லியில் உள்ள இராணுவ உடலியல் ஆய்வு நிறுவனத்தார் நடத்திய ஓர் ஆய்வு 1988-இல் வெளியாயிற்று. சிலரை வெப்பத்தில் வியர்க்க வைத்து, உடலில் நீர் குறையக் குறைய மனக்கணக்கும் சொற்களை நினைவு வைக்கும் திறனும் எப்படி ஆகின்றன என்று பார்த்தார்கள். உடல் எடையில் 2 சதவிகிதம் நீர் குறைந்தபோதே மூளை வேலை தடுமாறியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 லிட்டர். சித்திரை வெயிலில் களை எடுப்பவருக்கு அவ்வளவு வியர்வை எளிதில் போய்விடும். அந்த நிலையில் பூச்சிமருந்தை அளந்து ஊற்றுவதையும், கதிரடிக்கும் இயந்திரத்தில் கை வைப்பதையும் எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

ஆனால் மூலிகை கிருமியைக் கொல்லுமா? துளசிச் சாறும் எண்ணெயும் சில கிருமிகளை அடக்குவதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். அங்கே சேர்க்கும் அளவு வேறு, குடத்தில் நாம் போடும் பத்து இலை வேறு. கழுவாத இலையானால் அதுவே அழுக்கைக் கொண்டுவந்து சேர்க்கும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைப்பது கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்த வித்தை. முருங்கை விதைப் பொடியும் அப்படியே; சூடான் நாட்டுப் பெண்கள் நைல் ஆற்று நீரை அதைக் கொண்டு தெளிய வைத்தார்கள். கலங்கலோடு கிருமியிலும் பெரும்பகுதி அடியில் படியும். ஆனால் மிஞ்சுவது மறுபடி பெருகும். தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகாது.

ஆகவே தண்ணீரைத் தெளிய வைத்து, வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். கழுவிய வெட்டிவேரையோ சீரகத்தையோ அடுப்பை அணைக்கும் முன் போட்டு இறக்கி மூடுங்கள். பிறகு கையை விட்டு மொள்ளாமல், நீண்ட பிடியுள்ள கரண்டியால் எடுங்கள்.

இந்தப் பக்கத்தில் பலர் வயலோரம் வரிசை வீடு கட்டித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். இருபது குடும்பத்துக்கு ஒரே கிணறு. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஒரே விடுதியில் தங்கியிருந்த பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கெட்ட உணவால் மருத்துவமனைக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே அடுப்பு செய்ததை ஒரே கிணறும் செய்யும். கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் கணக்கு இது: ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம். 3 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் ஆழம் தண்ணீர் இருந்தால் சுமார் 21,000 லிட்டர். 53 கிராம் போதும். வாளியில் குழம்பாகக் கரைத்து, முக்கால் வாளி தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். மேல் நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்குங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு மணி நேரம் யாரும் நீர் எடுக்கக் கூடாது. இரவில் போடுவது சௌகரியம். பவுடர் பழசாகிப் போயிருந்தால் வீரியம் இராது.

கொதிக்க வைத்தாலும் போகாத ஒன்று உண்டு. அது நைட்ரேட். யூரியாவை அள்ளி வீசும் வயலிலிருந்தும், எருக்குழியிலிருந்தும் அது கிணற்றில் இறங்குகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கவே கூடாது. குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். கொதிக்கக் கொதிக்க நீர் சுண்டி நைட்ரேட்டின் செறிவு ஏறுமே தவிரக் குறையாது. நமது உரப் பழக்கத்துக்கு வீட்டுக்குள் வரும் பில் இது என்று நான் சொல்வதுண்டு.

வல்லாரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீர்ப்பிரமியை மூன்று மாத அளவில் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு நினைவாற்றல் சற்றுக் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பரீட்சைக்கு முந்தின நாள் தின்றால் ஒன்றும் நடக்காது. வல்லாரைக்கு அந்த அளவு சான்றுகூட இல்லை. கீரையாகச் சமைத்து உண்ணலாம். இரண்டுமே ஈரத்தில் படர்கிறவை. சாக்கடை ஓரத்தில் பறித்ததைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் புத்திக்கு முன் வயிற்றுப்போக்கு வந்து சேரும். நல்ல தண்ணீர் பாயும் வரப்பில் நீங்களே நட்டுக்கொள்ளுங்கள். மருந்து சாப்பிட்டுவருகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது. மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை உங்கள் கிணற்று நீரைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு வீட்டுப் புட்டி ஆகாது. அவர்கள் தரும் சுத்தம் செய்த புட்டியிலேயே பிடிக்க வேண்டும்.