விருந்தாளிக்கும் ஒரு தர்மம் உண்டு

(சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"லாவோஸ் தேசத்துக்குப் போய்விட்டு வந்தீர்களாமே, அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எங்கே போனோம், என்ன பார்த்தோம், என்ன சாப்பிட்டோம் என்பதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் அங்கே நாங்கள் தங்கிய ஒரு விருந்தினர் இல்லத்தில் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. காசு கொடுத்துத் தங்குகிறவன் விருந்தாளியா, வெறும் வாடிக்கையாளனா? இன்று அதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் ஊர். 2023 டிசம்பரில் நானும் என் மனைவியும் தில்லியிலிருந்து பாங்காக் போய், அங்கிருந்து சின்ன விமானத்தில் லுவாங் பிரபாங் போய்ச் சேர்ந்தோம். வடக்கு லாவோஸில், மீகாங் நதியும் நாம் கான் என்ற உபநதியும் கூடும் இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ அமைந்திருக்கிறது பழைய ஊர். 1353ல் பா இங்கும் என்ற அரசர் லான் சாங் ராஜ்யத்தை நிறுவி இதைத் தலைநகராக்கினார். லான் சாங் என்றால் பத்து லட்சம் யானைகள் என்று பொருள். 1560ல் செத்தாதிராத் என்ற அரசர் தலைநகரை வியந்தியானுக்கு மாற்றினார். ஆனாலும் இங்கே ராஜ வம்சம் பிற்காலத்திலும் இருந்தது. 1975ல்தான் லாவோஸில் முடியாட்சி முடிந்தது. அரண்மனை இப்போது மியூசியம். அங்கே இருக்கும் 83 சென்டிமீட்டர் உயரமுள்ள பிரபாங் என்ற புத்தர் விக்கிரகத்தின் பெயர்தான் ஊருக்கும் பெயர்.

யுனெஸ்கோ 1995ல் இந்த ஊரை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கீழே செங்கல், மேலே மரம், சாய்ந்த ஓட்டுக்கூரை என்று பழைய வீடுகள் அப்படியே நிற்கின்றன. இஷ்டத்துக்கு இடித்துக் கட்ட முடியாது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் எங்களுக்கு ஆறு நாள் ஜாகை.

வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாடியில் அறை. தேக்குப் பலகைத் தரை, வெள்ளை வெளேரென்ற கொசுவலை, சுத்தமான குளியலறை, வெந்நீர், பிளாஸ்கில் எப்போதும் சூடான தண்ணீர், ஆற்றைப் பார்த்த தாழ்வாரத்தில் இரண்டு சாய்வு நாற்காலி. காலைச் சிற்றுண்டியுடன் ஒரு நாளைக்கு நம் பணத்தில் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆயிற்று. உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எத்தனையோ சர்க்யூட் ஹவுஸில் தங்கியிருக்கிறேன். இந்த சௌகரியம் வேறு மாதிரி. டிசம்பர் காலையில் அங்கே நல்ல குளிர். முதல் நாள் இரவே, கேட்காமலேயே இரண்டு கனத்த போர்வைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார் அந்த வீட்டு அம்மா. என்னைப் "போ" என்றும் என் மனைவியை "மே" என்றும் கூப்பிட்டார். அப்பா, அம்மா என்று பொருளாம். முன்பின் தெரியாதவரை நாம் மாமா, மாமி என்று அழைப்பதில்லையா, அதே போலத்தான்.

அவருக்கு லாவோ மொழி மட்டும்தான் தெரியும். பெண்ணுக்கு ஆங்கிலம் வரும். ஆனால் பாஷை அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. பாஷைக்கு அங்கே "பாஸா", ஆகாரத்துக்கு "ஆஹான்", புண்ணியத்துக்கு "புன்". கிழமைகளைக் கேளுங்கள்: ஆதித், சன், அங்கான், புத், பஹத், சுக், சாவ். ஆதித்யன், சந்திரன், அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன் எல்லாரும் பாலி, சம்ஸ்கிருத வழியில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் புத்தாண்டும் நம் சித்திரை விஷுவை ஒட்டி ஏப்ரல் 14 வாக்கில்தான். சூரியன் மேஷத்தில் புகும் அதே சங்கிரமணக் கணக்கு. அந்த நாட்களுக்கு அவர்கள் வைத்த பெயரே "சங்கான்"தான். ராமாயணத்துக்கு அங்கே "பிர லக் பிர லாம்" என்று பெயர். லக்ஷ்மணனுக்கு முதலிடம், ராமனுக்கு இரண்டாமிடம். என் மனைவிக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. உழைத்தவன் பெயரை முன்னால் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

இனி சாப்பாடு. நம்மவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதானே. அங்கே மீன் சாறு இல்லாத சமையல் அபூர்வம். பப்பாளிக்காய் சாலட் என்று நினைத்தால் அதிலும் மீனை ஊறவைத்த "பாடேக்" விழுதைச் சேர்ப்பார்கள். "கின் ஜே" என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மறுநாள் என்ன வேண்டும், என்ன ஆகாது என்பதை முதல் நாள் மாலையிலேயே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவோம். தட்டு வந்த பிறகு முகம் சுளித்தால் சமைத்தவருக்குச் சங்கடம், நமக்குப் பட்டினி. அந்த அம்மா எங்களுக்காகத் தனி வாணலி வைத்துக் கீரையும் டோஃபுவும் வதக்கிக் கொடுத்தார்.

அங்கே தினசரிச் சாதம் என்பது ஒட்டும் அரிசி, நம் கவுனி அரிசி மாதிரி. சாதாரண அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டும் உண்டு. இந்த அரிசியில் அமைலோஸ் அநேகமாகவே இல்லை. அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. இரவு ஊறவைத்து, விடியற்காலையில் மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைக்கிறார்கள். கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும். ஸ்பூன் தேடவேண்டிய அவசியம் நமக்கு ஏது!

இந்தச் சாதத்தை முதலில் சாப்பிடுவது வீட்டுக்காரர்கள் அல்ல. பொழுது விடிகிற நேரத்தில் மடாலயங்களிலிருந்து காவி உடுத்த பிட்சுக்கள் வரிசையாக, வெறுங்காலுடன், ஒரு வார்த்தை பேசாமல் வருகிறார்கள். "தாக் பாத்" என்று பெயர். வாசலில் பாய் போட்டு அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கவளம் சாதம் இடுகிறார்கள். பிட்சுக்களில் பலர் சிறுவர்கள், படிப்புக்காக ஏழைக் கிராமங்களிலிருந்து மடத்துக்கு வந்தவர்கள். கிடைத்ததில் ஒரு பகுதியை, கூடையோடு காத்திருக்கும் ஏழைக் குழந்தைகளுக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மத்தியானத்துக்கு மேல் அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. உபநயனத்தில் வடுவுக்குப் பிட்சை இடும் நமக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டாம்.

ஆனால் பெரிய வீதியில் நான் பார்த்தது வேறு. பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் பிட்சுக்களின் முகத்துக்கு நேராக காமிராவை நீட்டுகிறார்கள். பளிச் பளிச்சென்று வெளிச்சம். தெருவில் விற்கும் சாதப் பொட்டலத்தை வாங்கி, ஒருவர் போட, இன்னொருவர் போட்டோ எடுக்கிறார். தூரத்தில் நில்லுங்கள், தோளையும் முழங்காலையும் மூடுங்கள், நம்பிக்கை இருந்தால் மட்டும் பிட்சை இடுங்கள், சாதத்தைத் தெருவில் வாங்காதீர்கள் என்றெல்லாம் பயணிகளுக்கு அறிவுரை எழுதிப் போட்டிருக்கிறார்கள். நின்று படிப்பவர்களை அதிகம் காணோம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி சுமாருக்கு எங்கள் வீட்டு அம்மா வெளியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் மூடிய மூங்கில் கூடை, தோளில் குறுக்காகச் சால்வை. வாசலில் பாயை விரித்து மண்டியிட்டு உட்கார்ந்தார். பிட்சுக்கள் போனதும் பாயைச் சுருட்டிவிட்டு, எங்களுக்குக் காப்பி போட உள்ளே போனார்.

அந்த அம்மா இங்கேயே குடியிருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். பெண்ணிடம் விசாரித்தேன். குடும்பம் ஊருக்கு வெளியே சின்ன வீட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம். பழைய வீட்டை விருந்தினர்களுக்கு விட்டால் அந்த வருமானத்தில்தான் கூரையைப் பழுது பார்க்க முடியும், பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியும். "நீங்கள் படுத்திருப்பது என் பாட்டியின் அறை" என்றாள். "பாட்டி உட்கார்ந்து பிட்சை இட்ட வாசலை மட்டும் விடக்கூடாது என்று அம்மா தினமும் வருகிறாள்."

அன்றைக்குத்தான் அந்த வீதியை உற்றுப் பார்த்தேன். வரிசையாக அழகான வீடுகள். பாதிக்கு மேல் விடுதி, காப்பிக் கடை, பரிசுப் பொருள் கடை. அங்கே ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு கோயில் என்று கணக்கு. "பான்" என்றால் கிராமம், ஒவ்வொரு பானுக்கும் ஒரு "வாத்". சுற்றியிருக்கும் வீடுகள் கோயிலைப் போஷிக்கும், கோயில் பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லும். வீடுகள் விடுதியாகிக் குடும்பங்கள் வெளியே போய்விட்டால் காலையில் பிட்சை இடுவது யார்? சுவரையும் ஓட்டையும் காப்பாற்றச் சட்டம் போடலாம். உள்ளே அடுப்பு எரிய எந்தச் சட்டம் போடுவது? என் சௌகரியமான அறை ஒரு பாட்டியின் அறை காலியானதால் கிடைத்தது. அதற்கு நான் கொடுத்த வாடகை நியாயமானதுதான். ஆனால் வாடகையோடு கணக்கு தீர்ந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

விருந்தோம்பலைப் பற்றி நம் சாஸ்திரங்கள் நிறையச் சொல்லியிருக்கின்றன. தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில் குருகுலம் முடித்துப் போகும் மாணவனுக்கு, வந்தவரைத் தெய்வமாக நினை என்று உபதேசம். திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். இவையெல்லாம் வீட்டுக்காரருக்குச் சொன்னது. வந்தவனுக்கு? அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. திதி பார்த்துத் தங்காதவன் அதிதி. ஓர் இரவு மட்டும் தங்குபவனையே அதிதி என்கிறது மனு ஸ்மிருதி. அதாவது வந்த வீட்டுக்குப் பாரமாகாதே, அந்த வீட்டின் ஒழுங்கைக் கலைக்காதே என்பதுதான் விருந்தாளியின் தர்மம். காசு கொடுத்தவனுக்கு இது பொருந்தாது என்று யாரும் சொல்லவில்லை. காசு அறைக்கு. போர்வைக்கும் தனி வாணலிக்கும் விலைப்பட்டியல் கிடையாது.

எங்களால் முடிந்ததைச் செய்தோம். மீதி மூன்று நாளும் காலையில் அந்த வாசலில் நடமாடவில்லை. தாழ்வார விளக்கை அணைத்துவிட்டு மேலேயிருந்தே கை கூப்பினோம். படம் எடுக்கவில்லை. இரவு சீக்கிரம் திரும்பினோம், ஏனென்றால் கதவைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பழமும் காய்கறியும் காலைச் சந்தையில் உள்ளூர்க்காரர்களிடமே வாங்கினோம். ஐந்தாம் நாள் அந்த அம்மாவே என் மனைவியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் சால்வையைச் சரிசெய்து, கூடையை நீட்டினார். வீட்டுக்காரி அழைத்து இட்ட பிட்சை அது. போட்டோ இல்லை, ஞாபகம் இருக்கிறது.

திரும்பும்போது ரயிலில் வியந்தியான் வந்தோம். 2021 டிசம்பரில் திறந்த சீன-லாவோஸ் ரயில் பாதை. மலைச்சாலையில் நாள் முழுக்க ஆகும் பயணம் இப்போது சுமார் இரண்டு மணி நேரம். இனிமேல் அந்த ஊருக்கு இன்னும் அதிகம் பேர் போவார்கள். அதனால் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இதை நம்மிடம் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்குச் சொந்த ஊரில் ஓர் அக்ரஹாரம் இருந்தது. திண்ணை இருந்தது, தெருக்கோடியில் கோயில் இருந்தது. இன்று உற்சவத்துக்குப் போனால் பக்கத்து டவுனில் லாட்ஜ் எடுத்துத் தங்குகிறோம். சொந்த ஊரிலேயே நாம் காசு கொடுத்துத் தங்கும் அதிதிகள். அந்த லாவோ அம்மா வீட்டை விட்டாலும் வாசலை விடவில்லை. நம்மால் வீட்டைத் திரும்ப வாங்க முடியாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கோயிலில் ஒரு வேளை நைவேத்தியத்துக்கு வருஷா வருஷம் ஏற்பாடு செய்வதற்கு வீடு தேவையில்லை, மனது போதும். இங்கே இருக்கும் ஒரே ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால்கூட நடக்கும்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் கட்டடத்தில் வைத்தியத்துக்கும் விசேஷத்துக்கும் வெளியூரிலிருந்து வருபவர்களுக்காக அறைகள் வைத்திருக்கிறோம். அங்கே விதிமுறைப் பலகை ஒன்று தொங்குகிறது, எல்லாம் "கூடாது, கூடாது" என்று. அதன் பக்கத்தில், அறையைச் சுத்தம் செய்பவரின் பெயரையும், சமையல்காரர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்பதையும் இரண்டு வரி எழுதிவைத்தால் போதும். மற்றதைத் தங்குகிறவர்கள் தாங்களே புரிந்துகொள்வார்கள்.